தானாக வெளியேறும் குடுமி

ஞாயிற்றுக்கிழமைகளில் ஹெந்தளைக் கடலில் குளித்துவிட்டுக் கரையேறும் கூட்டத்தில் ஒருவர் இருவராவது தலையைச் சரித்து ஒற்றைக் காலில் துள்ளிக்கொண்டிருப்பார்கள். காதுக்குள் தண்ணீர் போய்விட்டதென்ற நினைப்பு. பலருக்கு அது வெறும் தண்ணீர்தான். கொஞ்ச நேரத்தில் வடிந்துவிடும். சிலருக்கோ வீட்டுக்கு வந்து தலை துவட்டிச் சாப்பிட்டு முடித்த பிறகும் ஒரு காது அடைத்தபடியே இருக்கும். தன் குரலே தலைக்குள் முழங்கும். அடைத்திருப்பது தண்ணீரல்ல, காதுக் குடுமி. அதுவரை குழாயின் ஒரு பக்கம் சிறு இடைவெளி விட்டுக் கிடந்த குடுமி, நீரை உறிஞ்சி ஊதி, அந்த இடைவெளியையும் மூடிவிட்டது. குழாயின் பெரும்பகுதி அடைபட்டிருந்தாலும் காது பழுதில்லாமல் கேட்கும். மிஞ்சியிருக்கும் கீற்றும் மூடும்போதுதான் கேள்வி சட்டென்று மங்குகிறது. பல மாதங்களாக வளர்ந்த ஒன்று ஒரே நாளில் வந்ததுபோலத் தோன்றுவது இதனால்தான்.

அடுத்து நடப்பது எல்லா வீட்டிலும் ஒன்றே. கை பட்ஸ் டப்பாவைத் தேடும். அது இல்லாவிட்டால் நெருப்புக்குச்சி, சட்டைப்பின், கோழி இறகு, மோட்டார் சைக்கிள் சாவி. குடையும்போது சுகமாக இருக்கும். முனையில் மஞ்சளாக ஏதோ ஒட்டிவருவதைப் பார்த்தால் மனசுக்குத் திருப்தியாகவும் இருக்கும். அடைப்பு மட்டும் முன்னைவிட இறுகியிருக்கும்.

ஏன் இறுகுகிறது என்பது குழாயின் அமைப்பைப் பார்த்தால் விளங்கும். வளர்ந்த ஒருவரின் காதுக்குழாய் ஏறக்குறைய 2.5 சென்ரிமீற்றர் நீளம். நேராக இல்லாமல் மெல்ல வளைந்து போகிறது. வாசலை ஒட்டிய மூன்றில் ஒரு பங்கு குருத்தெலும்பாலானது. அங்கே தோல் தடிப்பானது, முடி உண்டு, எண்ணெய்ச் சுரப்பிகள் உண்டு, வியர்வைச் சுரப்பிகளின் இனத்தைச் சேர்ந்த குடுமிச் சுரப்பிகளும் ஒரு காதுக்கு 1000 முதல் 2000 வரை உண்டு. உள்ளே போகும் மூன்றில் இரண்டு பங்கு எலும்புக் குழாய். அதைப் போர்த்திய தோல் மிக மெல்லியது. முடியும் இல்லை, சுரப்பியும் இல்லை. ஆகவே குடுமி உண்டாவது வாசலருகில் மட்டும். செவிப்பறைக்குப் பக்கத்தில் குடுமி கிடந்தால் அது அங்கே பிறந்ததல்ல. பெரும்பாலும் யாரோ தள்ளிக்கொண்டு போய் வைத்தது.

அதை அழுக்கு என்று நாம் நினைப்பதிலும் நியாயமில்லை. குடுமியில் பாதிக்கு மேல் உதிர்ந்த தோலின் துகள். மீதி கொழுப்பமிலங்களும் கொலஸ்திரோலும் போன்ற பசைப் பொருள்கள். தூசும் குறுணிகளும் அந்தப் பசையில் ஒட்டிக்கொள்ளும். தண்ணீர் தோலில் ஊறாமல் அது தடுக்கும். சற்றே அமிலத்தன்மை கொண்டதால் பக்டீரியாவும் பூஞ்சையும் எளிதில் பெருகவிடாது. களப்பும் கால்வாயும் கடலும் சூழ்ந்த நம் பக்கத்து ஈரக்காற்றில் இது சின்னக் காரியமல்ல. நாள் தவறாமல் காதைத் துப்புரவாக்குகிறவர்களுக்குத்தான் காதரிப்பும் பூஞ்சைத் தொற்றும் அடிக்கடி வருகின்றன. அரிப்பதால் இன்னும் குடைவார்கள், குடைவதால் இன்னும் அரிக்கும்.

காதின் வியப்பான பகுதி குடுமியல்ல, அதைச் சுமந்து வரும் தோல். உடம்பின் மற்ற இடங்களில் தோல் கீழிருந்து மேலாக வளர்ந்து, வளர்ந்த இடத்திலேயே உதிரும். காதுக்குழாயின் தோல் பக்கவாட்டில் நகரும். 1964இல் அல்பர்ட்டி என்ற மருத்துவர் செவிப்பறையின்மேல் மைப்புள்ளிகள் வைத்து, அவை எந்தப் பக்கம் போகின்றன என்று தொடர்ந்து கவனித்து எழுதினார். புள்ளிகள் செவிப்பறையின் நடுவிலிருந்து ஓரத்துக்கும், ஓரத்திலிருந்து குழாய்ச் சுவருக்கும், அங்கிருந்து வாசலை நோக்கியும் நகர்ந்தன. விரல் நகம் வளரும் வேகத்துக்குக் கிட்டத்தட்ட சமமான வேகம். நாளொன்றுக்கு ஏறத்தாழ ஒரு மில்லிமீற்றரின் பத்தில் ஒரு பங்குதான். சாப்பிடும்போதும் பேசும்போதும் தாடை அசைந்து குழாயின் முன்சுவரைப் பிசைந்துவிடுவதும் இதற்குத் துணை. இப்படி வாசலுக்கு வந்த குடுமி காய்ந்து, தலையணையிலும் துவாயிலும் நமக்குத் தெரியாமலே உதிர்ந்துவிடுகிறது. பெரும்பாலான மனிதர் சாகும்வரை காதுக்காக எதுவுமே செய்யத் தேவையில்லை.

பட்ஸ் இந்தப் பயணத்தைத் திருப்பிவிடுகிறது. புட்டுக் குழலுக்குள் மாவை அகப்பைக் காம்பால் இடித்தால் என்ன ஆகுமோ அதுதான் இங்கும் ஆகும்: முனையில் ஒட்டியது கொஞ்சம், உள்ளே கெட்டியானது மிச்சம். காதுக்குள் செருகும் இயர்போனும் கேட்கும் கருவியும் இதையே மெதுவாகச் செய்கின்றன. குழாய் பிறவியிலேயே ஒடுங்கியவர்களுக்கும், காதில் முடி அடர்ந்தவர்களுக்கும், வயது போய்க் குடுமி வறண்டவர்களுக்கும் எதையும் செருகாமலே அடைப்பு வரலாம். அவர்களைக் குறை சொல்ல ஒன்றுமில்லை.

பட்ஸின் கதை 1923இல் அமெரிக்காவில் தொடங்குகிறது. லியோ கெர்ஸ்டன்சாங் என்பவர் குழந்தைகளுக்காக அதைத் தயாரித்து விற்கத் தொடங்கினார். இன்று அதன் பெட்டியிலேயே காதுக்குழாய்க்குள் விட வேண்டாம் என்று எழுதியிருக்கிறது. அந்த எச்சரிக்கையை வாசித்துவிட்டு அதே வேலைக்கு வாங்கிப் போகிறோம். அமெரிக்காவில் 1990 முதல் 2010 வரையான 21 ஆண்டுகளில் பட்ஸால் காதில் காயம்பட்டு அவசரச் சிகிச்சைக்கு வந்த சிறுவர் தொகை ஏறத்தாழ 263,000 என்று 2017இல் வெளியான ஆய்வு கணக்கிட்டது. நாளொன்றுக்கு 34 பேர். பெரும்பாலானோர் காது துப்புரவாக்கும்போது அடிபட்டவர்கள். அவர்களில் பலர் தாங்களே குடைந்தவர்கள். தகப்பன் குடைவதைப் பார்த்துப் பழகிய பிள்ளைகளாக இருக்கலாம்.

ஹெந்தளை என்றதும் பழைய ஆட்களுக்கு நினைவு வருவது கடலல்ல, 1708இல் ஒல்லாந்தர் அமைத்த தொழுநோய் மருத்துவமனை. அந்த நோய்க்கும் காதுக்கும் நெருங்கிய தொடர்பு உண்டு. தொழுநோய்க் கிருமி உடம்பின் குளிர்ந்த பகுதிகளில் தங்குவது. அதனால் காதுச் சோணையில் மெல்லிய கீறல் போட்டுத்தான் பரிசோதனைக்கு மாதிரி எடுப்பார்கள். கழுத்திலிருந்து காதுக்கு ஏறும் நரம்பு தடித்திருக்கிறதா என்றும் தடவிப் பார்ப்பார்கள். நரம்பு கெட்டால் வலி போய்விடும். வலியற்ற விரலில் சூடுபட்டாலும் தெரியாது, முள் ஏறிச் சீழ் பிடித்தாலும் தெரியாது. நோயே விரல்களைத் தின்கிறது என்று ஊர் நம்பியது. பெரும்பாலும் விரல்களைக் கெடுத்தது வலி தெரியாமல் ஏற்பட்ட காயங்கள்தான். காதுக்குழாயின் உட்பகுதி இதற்கு நேர் எதிர். எலும்பின்மேல் ஒட்டிய அந்த மெல்லிய தோலை ஒரு பஞ்சு நுனி தொட்டாலே ஆள் துடித்துப்போவார். அந்த வலி நோயல்ல, எல்லைக்கோடு. காதில் எதைச் செய்யும்போதும் வலித்தால் அந்த இடத்திலேயே நிறுத்த வேண்டும். இதில் விதிவிலக்கு எனக்குத் தெரிந்து இல்லை.

வலிக்கு முன்னரே சிலருக்கு இருமல் வரும். காதைக் குடையும்போது தொண்டை கரகரத்து இருமுவது கற்பனையல்ல. தொண்டைக்கும் நெஞ்சுக்கும் போகும் வேகஸ் நரம்பின் ஒரு சிறு கிளை காதுக்குழாயின் பின்சுவருக்கும் வருகிறது. மருந்துக்கு அடங்காத வறட்டு இருமலோடு வந்த ஒருவரின் காதிலிருந்து குடுமியை எடுத்ததும் இருமல் நின்றுபோன சம்பவங்கள் மருத்துவ ஏடுகளில் உண்டு.

வெளியே வர வழியே இல்லாவிட்டால் குடுமி என்ன ஆகும் என்பதற்குத் திமிங்கிலம் சாட்சி. மிரிஸ்ஸவில் படகேறிப் பார்க்கப் போகிறோமே, அந்த நீலத் திமிங்கிலத்தின் காதுக்குழாய் வெளியே மூடியிருக்கும். குடுமி வாழ்நாள் முழுதும் அடுக்கடுக்காக உள்ளேயே படியும். ஓர் அடுக்கு வெளிறியது, அடுத்தது கருமை. 2007இல் கலிபோர்னியாக் கரையில் கப்பல் மோதி இறந்த ஓர் ஆண் திமிங்கிலத்தின் காதிலிருந்து ஏறத்தாழ 25 சென்ரிமீற்றர் நீளக் குடுமியை எடுத்தார்கள். பேய்லர் பல்கலைக்கழகத்தார் 2013இல் அதன் அடுக்குகளை ஆராய்ந்து, தாயின் பாலோடு வந்த பூச்சிகொல்லி முதல் பருவமடைந்த காலத்து ஹோர்மோன் வரை 12 வயசு வாழ்க்கையையும் வாசித்துச் சொன்னார்கள். நம் குடுமியில் அத்தனை வரலாறு சேராததற்கு நகரும் தோலுக்குத்தான் நன்றி சொல்ல வேண்டும்.

மனிதரிலும் குடுமி ஒரே மாதிரி இல்லை. சிலருக்குத் தேன் நிறத்தில் பிசுபிசுப்பானது. சிலருக்குச் சாம்பல் நிறத்தில் தவிடுபோல் உதிர்வது. ஏபிசிசி11 என்ற மரபணுவில் ஓர் எழுத்து மாறுவதே வித்தியாசம் என்று 2006இல் ஜப்பானிய ஆய்வாளர்கள் கண்டார்கள். ஆபிரிக்காவிலும் ஐரோப்பாவிலும் ஈரக் குடுமி, கிழக்காசியாவில் உலர் குடுமி. தெற்காசியாவில் இரண்டும் கலந்திருக்கும். மூங்கில் சுரண்டியால் காது சுரண்டும் வழக்கம் ஜப்பானில் ஊன்றியதற்கு அந்த உலர் குடுமியும் காரணமாக இருக்கலாம். ஈரக் குடுமிக்காரர் அதைப் பார்த்துச் சூடுபோட்டுக்கொள்ள வேண்டியதில்லை.

இனி வீட்டில் என்ன செய்யலாம் என்று பார்ப்போம். அடைப்பு இல்லாதவர், கேள்வி நன்றாக இருப்பவர் எதுவும் செய்ய வேண்டாம். குளித்த பிறகு துவாய் நுனியால் வெளிக்காதைத் துடைத்தால் போதும். அடைப்பு இருந்தால் செய்ய வேண்டியது இளக்குவதும் காத்திருப்பதும். ஒலிவ் எண்ணெய் போதும். பாமசியில் கிடைக்கும் சோடியம் பைகார்பனேட் சொட்டு மருந்தும் ஆகும். போத்தலைச் சில நிமிடம் உள்ளங்கையில் பொத்தி வைத்தால் உடம்புச் சூட்டுக்கு வந்துவிடும், அடுப்பில் காட்டக்கூடாது. அடைத்த காது மேலே இருக்கும்படி ஒருக்களித்துப் படுத்து, காது மடலை மேலும் பின்னும் மெல்ல இழுத்துப் பிடித்தால் குழாயின் வளைவு நிமிரும். இரண்டு மூன்று சொட்டு விட்டு, காதுக்கு முன்னுள்ள சிறு மேட்டை அமத்தி அமத்தி விடுங்கள்; ஐந்து பத்து நிமிடம் அப்படியே படுத்திருங்கள். எழும்பும்போது வழிவதைத் துடைத்தால் போதும், பஞ்சு வைத்து அடைக்கத் தேவையில்லை. காலையும் இரவும் இப்படி மூன்று முதல் ஐந்து நாள். முதல் ஓரிரு நாளில் குடுமி இன்னும் ஊதி அடைப்புக் கூடியதுபோல இருக்கும். பலர் அந்தக் கட்டத்தில்தான் பொறுமையிழந்து பட்ஸை எடுக்கிறார்கள்.

எந்தச் சொட்டு நல்லது என்று கேட்டால் விஞ்ஞானத்தின் பதில் கொஞ்சம் ஏமாற்றமானது. மருத்துவ ஆய்வுகளைத் தொகுத்து மதிப்பிடும் காக்ரேன் அமைப்பு 2018இல் 623 பேரைக் கொண்ட 10 ஆய்வுகளை அலசியது. ஐந்து நாள் சொட்டு விட்ட காதுகளில் நூற்றுக்கு 22 முழுதாகத் துப்புரவாயின, ஒன்றும் விடாதவற்றில் 5 மட்டும் என்று அவற்றில் ஓர் ஆய்வு காட்டியது. ஆனால் விலை கூடிய மருந்து வெறும் தண்ணீரையோ உப்புநீரையோ வென்றதற்கு உறுதியான சான்று கிடைக்கவில்லை. சந்தியில் உள்ள பாமசியில் நாலைந்து பெயரில் சொட்டு மருந்து அடுக்கியிருந்தால், மலிவானதையே வாங்குங்கள் என்பேன்.

இளகிய பிறகும் வெளியே வராவிட்டால், வளர்ந்தவர்கள் மென்மையான றப்பர்க் குமிழால் வெதுவெதுப்பான தண்ணீரை மெல்ல விட்டுப் பார்க்கலாம். தண்ணீர் 37 பாகை செல்சியஸ், உடம்புச் சூடு. இந்தச் சூட்டுக்குப் பின்னால் ஒரு நோபல் பரிசு இருக்கிறது. வியன்னாவில் ரொபர்ட் பாரானி என்ற இளம் மருத்துவர் நோயாளிகளின் காதுகளைக் கழுவிக்கொண்டிருந்தபோது, பலருக்குத் தலை சுற்றுவதையும் கண்மணிகள் துடிப்பதையும் கவனித்தார். தண்ணீர் குளிர்ந்திருந்தால்தான் தனக்குச் சுற்றுகிறது என்றார் ஒரு நோயாளி. அடுத்த முறை தாதி தண்ணீரை அதிகம் சூடாக்கிவிட்டார். அப்போதும் தலை சுற்றியது, ஆனால் கண் துடித்தது எதிர்ப்பக்கம். உட்காதின் அரைவட்டக் குழாய்களிலுள்ள நீர்மம் குளிர்ந்தால் ஒரு பக்கமும் சூடானால் மறு பக்கமும் ஓடுகிறது, மூளை அதைத் தலை திரும்புவதாக எடுத்துக்கொள்கிறது என்று பாரானி விளக்கினார். 1914ஆம் ஆண்டுக்கான மருத்துவ நோபல் அவருக்குக் கிடைத்தது. செய்தி வந்தபோது அவர் ரஷ்யாவில் போர்க்கைதி. உடம்புச் சூட்டில் இருக்கும் தண்ணீருக்கு இந்தக் குழப்பம் வராது.

தண்ணீரை நேரே செவிப்பறையை நோக்கி அடிக்கக்கூடாது, குழாயின் மேற்சுவரில் பட்டு வரவேண்டும். வெளியே வழிய இடமும் விட வேண்டும். பெரிய உலோகச் சிரிஞ்சால் பலமாக அடிக்கும் பழைய முறையை இங்கிலாந்தின் மருத்துவ வழிகாட்டி 2018இல் வேண்டாமென்றே சொல்லிவிட்டது. செவிப்பறையில் துவாரம் உள்ளவர், முன்பு காதில் சத்திரசிகிச்சை செய்தவர், காதால் சீழ் வடிகிறவர், காதுக்குத்து உள்ளவர் எண்ணெயும் விடக்கூடாது, தண்ணீரும் விடக்கூடாது. சீனி வருத்தக்காரர் தண்ணீர் அடிப்பதை வைத்தியரிடமே விட வேண்டும். அவர்களுக்குக் காதில் ஏற்படும் சிறு புண் மண்டை எலும்புவரை பரவக்கூடியது. சின்னப் பிள்ளைகளுக்கு வீட்டில் எதுவும் அடிக்க வேண்டாம். பிள்ளை காதுக்குள் பயறு போட்டிருந்தால் தண்ணீரில் அது ஊதி இறுகும். கருவிகளின் பொத்தான் பற்றரியைப் போட்டிருந்தால் சில மணி நேரத்தில் திசு வெந்துவிடும், நேரே வைத்தியசாலைக்கு ஓட வேண்டும். பூச்சி புகுந்து படபடத்தால் மட்டும் எண்ணெய்ச் சொட்டு உடனடி உதவி: பூச்சி மூச்சடங்கும், பிறகு எடுக்கலாம்.

நம் வீட்டு வைத்தியங்களில் எண்ணெய் விடுவதோடு எனக்குப் பெரிய சண்டை இல்லை. 1ஆம் நூற்றாண்டில் ரோமாபுரியின் மருத்துவ நூலாசிரியர் செல்சஸும் எண்ணெய் விட்டு இளக்கத்தான் எழுதினார். உள்ளி போட்டுக் கொதிக்கவைத்த நல்லெண்ணெயைச் சுடச்சுட ஊற்றுவதுதான் வம்பு; குழாய்த் தோல் வெந்துபோகும். தாய்ப்பால், இலைச்சாறு ஆகியவை பூஞ்சைக்குச் சாப்பாடு. காதில் மெழுகுதிரிக் குழல் ஏற்றிக் குடுமியை உறிஞ்சுவதாகச் சொல்லும் வியாபாரத்தை 1996இல் சோதித்தார்கள்: உறிஞ்சும் அழுத்தம் உண்டாகவே இல்லை, திரியின் மெழுகுதான் காதில் போய் விழுந்தது. கமரா பொருத்திய சுரண்டிகள் இப்போது இணையத்தில் மலிந்துவிட்டன. திரையில் ஆழம் தெரியாது, கை நடுங்கும், அருகில் இருப்பவர் தட்டுவார்.

குடுமி என்று நினைத்துச் சொட்டு விட்டுக் காத்திருக்கக் கூடாத ஒரு நிலையும் உண்டு. காலையில் எழும்பும்போது ஒரு காது திடீரென்று கேட்கவில்லை, அடைத்ததுபோல, இரைச்சலோடு, சிலவேளை தலைச்சுற்றோடு இருக்கிறதென்றால் உட்காது நரம்பே தாக்கப்பட்டிருக்கலாம். அதற்கு ஸ்டீரொயிட் மருந்து சில நாள்களுக்குள் தொடங்க வேண்டும். வாயை மூடி "ம்" என்று முனகிப் பாருங்கள். குடுமி அடைத்த காதானால் அந்தக் காதில்தான் சத்தம் பெரிதாகக் கேட்கும். நரம்புக் கோளாறானால் நல்ல காதில் பெரிதாகக் கேட்கும். இது வைத்தியர் இசைக்கவையைத் தலையில் வைத்துப் பார்க்கும் சோதனையின் வீட்டு வடிவம். சந்தேகம் இருந்தால் அன்றே காட்ட வேண்டும். ஹெந்தளைக்காரருக்கு ராகமையிலுள்ள கொழும்பு வடக்கு போதனா வைத்தியசாலை தூரமில்லை. அரச வைத்தியசாலையில் இதற்குக் காசும் இல்லை.

அதிகம் கவனிக்கப்படாதவர்கள் முதியவர்கள்தான். பிள்ளைகளில் பத்தில் ஒருவருக்கும் வளர்ந்தவர்களில் இருபதில் ஒருவருக்கும் குடுமி அடைப்பு இருக்கும். முதியோரில் மூன்றில் ஒரு பங்குக்கு மேல் என்று அமெரிக்கக் காது மூக்குத் தொண்டை மருத்துவர்களின் 2017ஆம் ஆண்டு வழிகாட்டி சொல்கிறது. "மாமிக்கு இப்ப ஒன்றும் விளங்குதில்லை, கேட்டதுக்கு வேற பதில் சொல்லுறா" என்று மருமகள் சொல்வாள். மறதி வருத்தமாக்கும் என்று வீடு பேசிக்கொள்ளும். மாமியோ தொலைக்காட்சியின் சத்தத்தைக் கூட்டிக்கொண்டு பேசாமல் இருப்பார். வெளிச்சம் பிடித்துக் காதைப் பார்க்க ஒரு நிமிடம் போதும். கேட்கும் கருவி வாங்கிய பிறகு பார்ப்பதைவிட வாங்குமுன் பார்ப்பது மேல். குடுமி அடைத்த காதில் அளவெடுத்தால் கேள்விப் பரிசோதனையே பிழையாக வரும். கருவி ஏற்கெனவே போட்டிருப்பவருக்குச் சில மாதங்களுக்கொரு முறை காதைப் பார்ப்பித்துவிட வேண்டும். கருவி கீச்சிடத் தொடங்கினால் பழுதுபார்க்கக் கொடுக்குமுன் முதலில் காதைப் பார்ப்பிக்கலாம்.